பழி அவள்மேல் விழுந்தபோது நான் பேசவில்லை

2019 ஜூலை. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போன மாதம். எங்கள் நெய்வேலியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை வெட்ட வேண்டுமென்றால், அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக மேலே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுக் கிராமங்களில் கிணறுகள் இறங்கிப்போன வேதனை தனி. ஆனால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்த எனக்கோ, நான் நர்ஸாக வேலை பார்த்த மருத்துவமனைக்கோ ஒருநாளும் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை கழுவாததற்குத் தண்ணீரைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகன் பள்ளி நண்பன் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்து வாந்தியெடுத்தான். ராத்திரி முழுக்க ஏழெட்டு முறை. ஹால், கட்டில், என் மடி என்று எல்லா இடத்திலும். துணியால் துடைத்தேன், துணியை அலசினேன், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவன் எழுந்து இட்லி கேட்டான். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அன்று முதல் எனக்கு நைட் டியூட்டி. செவ்வாய் ராத்திரி டியூட்டியிலேயே எனக்கு மூன்று முறை வயிற்றோட்டம். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமைதான் அவளும் எங்கள் வார்டில் வந்து சேர்ந்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம், ரத்தம் குறைவு, இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடந்தன. டிரிப்ஸ் போட நரம்பு தேடியபோது அந்த விரல்களைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, கையுறைமேல் கையுறையாக இரண்டு மாட்டிக்கொண்டுதான் தொட்டேன். அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கி, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரை அவளுக்கு மட்டுமல்ல, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் காவல். ஒன்றுமே செய்யாமல் விட்டால் நூறு தாய்மாரில் 15 முதல் 45 பேரின் பிள்ளைகளுக்கு நோய் போய்விடும். மாத்திரை ஒழுங்காகப் போனால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். இந்தக் கணக்கைப் பயிற்சியில் எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதற்கு ஏழு மாதம் முன்பு, 2018 டிசம்பரில், சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தத்தை ஏற்றிவிட்ட செய்தியை டி.வி.யில் பார்த்து அழுதவள் நான். பாவம், அந்தப் பொண்ணு என்ன செய்யும் என்று வீட்டில் புலம்பினேன். அதே நிலையில் இருந்த ஒருத்தி என் வார்டுக்கு வந்தபோது, அவள் கேஸ் ஷீட்டின் மூலையில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். கடைசிக் கட்டிலைக் கொடுத்தேன். மற்றவர்களிடமிருந்து ஒதுக்கி வைக்க நான் தேர்ந்தெடுத்த அந்தக் கட்டில் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் போய்வருகிற கதவு. நானும் செவ்வாய் ராத்திரி மூன்று முறை போய்வந்த கதவு.

வெளியே வந்த ஒவ்வொரு தடவையும் சானிடைசர் பாட்டிலை ஒருமுறை அழுத்திக் கையில் தேய்த்துக்கொண்டேன். அப்புறம் கையுறைப் பெட்டிக்குள் கைவிட்டு இரண்டு உருவினேன். மாட்டிய கையாலேயே கண்ணாடியை மேலே தள்ளினேன், பிளாஸ்க் மூடியைத் திருகினேன், அவளுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். அவளிடமிருந்து எனக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. என் கையிலிருந்து அவளுக்கு என்ன போகும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

புதன் ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டாள். பத்து நிமிஷத்தில் வாந்தி.

"சிஸ்டர், மாத்திரையும் வந்துடுச்சி சிஸ்டர். இன்னொண்ணு போட்டுக்கட்டுமா?"

"நாளைக்குப் போட்டுக்க."

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். போன் செய்தால் எடுத்திருப்பார். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு உரிமையே இல்லை. பதினோரு மணிக்குள் நாலு தடவை வயிற்றாலே போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "நிக்கவே மாட்டேங்குது சிஸ்டர்" என்றாள்.

"உனக்கு இருக்கிற வியாதிக்கு அப்படித்தான் போவும். போய்ப் படு."

இதைச் சத்தமாகவே சொன்னேன். பக்கத்துக் கட்டில் பெண்ணின் மாமியார், "என்ன வியாதிம்மா அதுக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் கேஸ் ஷீட்டை மட்டும் திருப்பி வைத்தேன். அந்த அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒருவருக்கு இந்த நோய் இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது, அதற்காக அவரை ஒதுக்கக் கூடாது என்று 2017இல் சட்டம் போட்டு, 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கும் வந்திருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்த நோய் உள்ளவருக்கு எது வந்தாலும் அந்த நோயின் கணக்கில் எழுதுவது எங்கள் தொழிலில் பழகிப்போன குற்றம். எழுதிவிட்டால் அப்புறம் யாரும் காரணம் தேட வேண்டியதில்லை. அவள் கொண்டுவந்த பைலில் சி.டி.4 கணக்கு இருந்தது. அதைப் புரட்டியிருந்தால் அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று தெரிந்திருக்கும். புரட்டவில்லை. எத்தனை தடவை போனாள், எவ்வளவு சிறுநீர் பிரிந்தது என்று எழுதவும் இல்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் மேசை டிராயரிலேயே இருந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு கக்கூஸ் வாசலில் தலைசுற்றி விழுந்தாள். பி.பி. 80/50. நாக்கு அட்டைபோல் காய்ந்திருந்தது. கையை வைத்தால் வயிறு விட்டு விட்டு இறுகியது. உடம்பில் தண்ணீர் வற்றினால் கர்ப்பப்பை இப்படி முறுக்கத் தொடங்கலாம். அப்படியே விட்டால் குறைப்பிரசவமும் ஆகலாம். டாக்டர் ஓடிவந்தார். இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏறியது. ஆறு மணிக்கு 108 ஆம்புலன்ஸ் வந்து அவளைப் பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் நான் இரண்டு கையுறையோடுதான் நின்றேன்.

என் குற்றம் இதோடு நிற்கவில்லை. வியாழன் ராத்திரி பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு வாந்தி. வெள்ளிக்கிழமை எங்கள் ஆயாம்மாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். "அவகிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சி" என்று வார்டே பேசியது. அவள் படுத்த மெத்தையைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டுபோய் எரித்தார்கள். கட்டிலை பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். நான் ஜன்னலோரம் நின்று அந்தப் புகையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைக்கு வந்தது, செவ்வாய்க்கிழமை எனக்கு வந்தது, அவளுக்கு வந்தது புதன்கிழமைதான். தேதி எல்லாம் எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எச்.ஐ.வி. தொடுவதால் வராது, தட்டால் வராது, கக்கூஸால் வராது என்று அந்த வார்டில் நன்றாகத் தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. அதையும் சொல்லவில்லை.

2021 நவம்பரில் கேரளத்தில், வயநாடு பூக்கோடு கால்நடைக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு நோரோ வைரஸ் என்று செய்தி வந்தது. அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கவனித்துப் படித்தேன். படிக்கப் படிக்க என் வார்டு கண்முன் வந்தது. 1968இல் அமெரிக்காவில் நார்வாக் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரவிய வாந்தி நோய், 1972இல் அதன் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது, ஊர்ப் பெயரே கிருமியின் பெயரானது. இதெல்லாம் கூட இருக்கட்டும். நூறு கிருமிகூடத் தேவையில்லை, அதற்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வந்துவிடும். உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். நோய் விட்ட பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் மலத்தில் கிருமி வெளியேறலாம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர் உடம்பில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கிவிடலாம்.

ஒரு வரியில் நான் நின்றுபோனேன். எச்.ஐ.வி. கிருமிக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அதை உடைத்துக் கொன்றுவிடும். நோரோவுக்கு அந்த உறை கிடையாது. சானிடைசர் அதை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையைவிட்டுப் போகும். இடத்தைச் சுத்தம் செய்ய பினாயிலை நம்பக் கூடாது, பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். நான் பயந்த கிருமியைச் சானிடைசர் கொன்றிருக்கும். நான் சுமந்து போன கிருமிக்கு அதே சானிடைசரைப் போட்டுவிட்டுக் கை சுத்தம் என்று நம்பியிருந்தேன்.

அது நோரோதான் என்று சோதித்த சீட்டு எதுவும் இல்லை. சாதாரண மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை செய்வதும் இல்லை. நாள்கணக்கு எனக்குப் போதும். என் கையிலிருந்துதான் அவளுக்குப் போனது என்று நம்புகிறேன்.

கர்ப்பிணிக்கு வயிற்றுவழி வரும் கிருமிகளில் எங்களுக்குப் படிக்கும்போதே பயம் காட்டியது ஹெபடைடிஸ்-இ. 1955-56இல் டெல்லிக் குடிநீரில் சாக்கடை கலந்து பரப்பிய மஞ்சள் காமாலை இதுதான் என்று பின்னால் தெரிந்தது. கடைசி மூன்று மாதத்தில் இது வந்தால் நாலைந்து பேரில் ஒருத்தி இறந்துபோகக்கூடும். நோரோ அப்படிக் கொல்வதில்லை. அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. அது செய்வது உடம்பின் தண்ணீரை எடுத்துவிடுவது. அந்தத் தண்ணீரை மணிக்கு மணி திருப்பிக் கொடுத்தால் கர்ப்பிணி இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடுவாள். ஒரு டம்ளர் கரைசலை அவள் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான்.

வலி நின்று, ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிட்டாள் என்று ஆயாம்மா சொன்னார். எங்கள் மருத்துவமனைப் பக்கம் அவள் திரும்ப வரவில்லை. அவள் பிள்ளைக்கு 18வது மாதத்தில் கடைசிப் பரிசோதனை நடந்திருக்கும். என்ன வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளே, வயிறு சரியில்லை என்றால் டியூட்டிக்கு வராதீர்கள். நின்ற பிறகும் இரண்டு நாள் வீட்டில் இருங்கள். சம்பளம் போனால் போகட்டும். வீட்டில் குழந்தை வாந்தியெடுத்திருந்தால் அதைத் தலைமை நர்ஸிடம் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி.யோடு பிள்ளை சுமக்கும் அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போட்ட மாத்திரை வாந்தியில் வந்துவிட்டால், திரும்பப் போடலாமா என்று அந்த நேரமே டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். நர்ஸ் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். வயிற்றுப்போக்கை உங்கள் வியாதியின் தலையில் போட்டு யாராவது படுக்கச் சொன்னால் படுக்காதீர்கள், தண்ணீர் கேளுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, தமிழில் பேசலாம்.