ஒதுக்கிய இடம்

நட்பு என்ற அளவிலே தமிழ் பயின்றோர் நெஞ்சில் முதற்கண் எழுவது கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் வரலாறேயாகும். ஒருவரையொருவர் காணாமலே உள்ளத்தால் ஒன்றியவர்கள் அவர்கள். இதனை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கும் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. உணர்வு ஒத்தால் போதும், சந்திக்க வேண்டுவதில்லை என்று, அலுவல் மிகுந்த நாம் இவ்வரலாற்றையே சாக்காக்கிக் கொண்டோமோ?

கல்லூரிப் பருவத்தில் நட்பு நம்மைத் தேடி வருகிறது. ஒரே வகுப்பு, ஒரே விடுதி, ஒரே உணவுக்கூடம் என நாள்தோறும் காணும் வாய்ப்புத் தானே அமைகிறது. நாற்பதைக் கடந்தபின் அவ்வாய்ப்பு அரிது. பணியிட மாற்றம், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் முதுமை ஆகியவற்றால் நாள்கள் நிரம்பிவிடுகின்றன. கைப்பேசியில் நூற்றுக்கணக்கான எண்கள் இருந்தும், நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் யாரை அழைப்பது என்று திகைப்போர் நம்மிடையே உளர். பிரிட்டன் 2018இல் தனிமைக்கென ஓர் அமைச்சரையே நியமித்தது. அவ்வாண்டில் வெளியான அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹாலின் ஆய்வு, அறிமுகமானவர் நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்திற்கு மேற்பட்ட பழக்கம் வேண்டும் என மதிப்பிட்டது. வாரம் 2 மணி நேரம் ஒதுக்கினாலும் ஏறத்தாழ ஈராண்டு ஆகும். நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் யாத்த வள்ளுவர், அவற்றுள் ஒன்றிற்குப் 'பழைமை' எனப் பெயரிட்டதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

நானும் நண்பர் இருவரும் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு வழக்கம் பேணி வருகிறோம். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை, மூவருள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். அழைப்பில்லை, விருந்தில்லை, தேநீர் மட்டுமே. வர இயலாதவர் காரணம் கூற வேண்டுவதில்லை. அடுத்த மாதம் வந்தால் போதும். நாள் நிலையானது ஆதலின், 'ஒருநாள் சந்திப்போம்' என்னும் வெற்றுரைக்கு அங்கு வேலையில்லை. என் தாயாருக்கு அறுவை சிகிச்சை என்பதைத் திண்ணைப் பேச்சில் அறிந்த அவ்விருவரும், மருத்துவமனையில் முறைவைத்துக் கண்விழித்தனர். நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவுமில்லை.

மாணவ நண்பர்களே, இன்று உங்கள் அருகில் அமர்ந்திருப்போர் நாளை பல ஊர்களுக்குப் பிரிவர். பிரியுமுன்னரே மீண்டும் கூடும் நாளொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்கிருந்த சோழன், தான் காணாத நண்பருக்கும் அருகில் ஓர் இடம் ஒதுக்கச் செய்தான். பாண்டிநாட்டிலிருந்து ஆந்தையாரும் வந்து சேர்ந்தார். உணர்ச்சியால் கலந்த அந்நட்பும் முடிவில் ஓர் இடத்தையும் ஒரு வருகையையும் வேண்டி நின்றது. நம் நாட்குறிப்பில் நாம் யாருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்?