முப்பது நாள் கணக்கு

(பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு)

புயல் கரையைக் கடக்கும் இரவைப் பற்றி எழுதாதவர் இல்லை. விடிந்த பிறகு நடப்பதை எழுதுவோர் குறைவு. காற்று ஓய்ந்ததும் தெருவில் மிஞ்சுவது முறிந்த மரமும், உடைந்த ஓடும், கிழிந்த தகரமும், செத்த ஆடு மாடுகளுந்தாம். அவற்றை அள்ளியவர் யார்? எங்கே கொட்டினார்கள்? அந்தச் செலவு எந்தக் கஜானாவிலிருந்து வந்தது? கல்லூரி மலருக்கு எழுத இவனுக்குக் குப்பைதானா கிடைத்தது என்று நண்பர்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அது வீட்டுக் கணக்கு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் இடுப்பொடிந்து கிடந்தன. எங்கள் ஊர் அந்த வழியிலுள்ள ஒரு சிறு நகரம், பெயர் வேண்டாம். எனக்கு அப்போது வயது 13.

அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பழைய டிராக்டர் ஒன்றைக் கடனில் வாங்கி மணலும் செங்கல்லும் ஏற்றிப் பிழைத்துவந்தார். 17ஆம் தேதி காலை நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்தார். “வண்டிய எடுங்கண்ணே, ஆஸ்பத்திரி ரோட்ட முதல்ல திறக்கணும். காசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். பிள்ளைத்தாய்ச்சிகளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன நாள் அது. அப்பா ஒரு பேச்சும் பேசாமல் வண்டியை எடுத்தார்.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கு விடுமுறை. தன் இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நடையையும் எழுதத் தொடங்கினாள். தேதி, தெரு, என்ன சுமை, எங்கே கொட்டியது என்று நான்கு பத்திகள். மட்டையும் கீற்றும் ஒரு கணக்கு, மரத்துண்டு ஒரு கணக்கு, ஓடும் கல்லும் ஒரு கணக்கு. யாரும் சொல்லி அவள் எழுதவில்லை. இருட்டிய பின் அப்பா வந்து சொல்லச் சொல்ல, சிம்னி விளக்கடியில் எழுதுவாள்.

மொத்தம் 214 நடை. நகராட்சி பணம் கொடுத்தது 131 நடைக்கு. எஞ்சிய 83 நடையும் முதல் ஏழு நாளில் அடித்தவை. வேலை உத்தரவு 24ஆம் தேதியிட்டது. அதற்கு முன்னால் அடித்த நடைக்குச் சீட்டு இல்லை. நடைக்கு 450 ரூபாய் வீதம் 37,350 ரூபாய். அக்காவின் நோட்டைப் புரட்டிப் பார்த்த அலுவலர், “அழகா எழுதியிருக்கு பாப்பா, ஆனா கையெழுத்து இல்லியே, தணிக்கையில நிக்காதே” என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. வர வேண்டிய 131 நடைப் பணமும் 14 மாதம் கழித்தே வந்தது. டீசல் கடனும் வண்டித் தவணையும் அதுவரை காத்திருக்கவில்லை. இடையில் வந்த ஜூன் மாதத்தில் அக்கா நர்சிங் சேர வேண்டியது. சேரவில்லை, திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று என்னை எல்லோரும் சொல்கிறார்கள். வரிசைப்படி அது என் இடமில்லை.

கல்லூரிக்கு வந்த பிறகு இந்த விதிகளைத் தேடிப் படித்தேன். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாநிலத்துக்கென ஒரு பேரிடர் நிவாரண நிதி உண்டு. அதில் மத்திய அரசின் பங்கு நம்முடையது போன்ற மாநிலங்களுக்கு வழக்கமாக 75 விழுக்காடு. கஜா வந்த ஆண்டில் 90 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. பொது இடத்து இடிபாடுகளை அகற்ற, வேலை தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆகும் உண்மைச் செலவை அதிலிருந்து கொடுக்கலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மைச் செலவு என்றால் காகிதத்தில் உள்ள செலவு. மாநிலம் கேட்டது சுமார் 15,000 கோடி. மத்தியக் குழு பார்த்துச் சென்ற பின், டிசம்பர் 31 அன்று ஒப்புதலான கூடுதல் உதவி 1,146 கோடி. மேலே இப்படி இழுபறி என்றால், நகராட்சியின் கடைசி மேசையில் சீட்டில்லாத நடைக்கு யார் பொறுப்பேற்பார்?

தனியார் தோப்புக்கு வேறு வழி இருந்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. வெட்டிய துண்டுகள் எங்கே போகும்? பாதிக்கு மேல் சாலையோரத்துக்கு வந்தன. தோப்பில் கிடந்தவரை தனியார் மரம், சாலைக்கு வந்தால் நகராட்சிக் குப்பை! அதை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. மக்கும் தென்னந்துண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, பிழைத்து நிற்கும் மரத்தின் குருத்தையும் குடைந்துவிடும்.

இதிலே நம் பாடம் வரும் இடமும் ஒன்று உண்டு. அப்பாவின் டிரெய்லர் 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம். ஆக 120 கன அடி. மட்டையும் கீற்றும் ஏற்றினால் பெரும்பகுதி காற்றுதான். கால் மணியில் நிரம்பும். மரத்துண்டு ஏற்ற ஜே.சி.பி. வர வேண்டும், பாதிப் பகல் போய்விடும். இரண்டுக்கும் ஒரே 450. எடைமேடையில் நிறுத்தலாமென்றால் மின்சாரம் இல்லை. கன அளவா, எடையா, நடையா என்பதைப் புயலுக்கு முன்பே முடிவு செய்யாத ஊரில், கனத்த சுமையை எடுப்பவனுக்கே நட்டம்.

அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. 1988இல் வந்த ஸ்டாஃபோர்ட் சட்டப்படி, இடிபாடு அகற்றும் செலவில் குறைந்தது 75 விழுக்காட்டை மத்திய அரசு ஊர்களுக்குத் திருப்பித் தருகிறது. எனக்கு வியப்பளித்தது பணத்தைவிட அவர்கள் அதை எண்ணும் முறை. வேலைக்கு வரும் ஒவ்வொரு லாரியின் தொட்டியையும் முன்கூட்டியே அளந்து, எண்ணும் கொள்ளளவும் பக்கவாட்டில் எழுதிவிடுகிறார்கள். ஏற்றுமிடத்தில் சீட்டு. கொட்டுமிடத்தில் பரண் போட்டு, அதன்மேல் நிற்கும் ஆள் தொட்டியைக் குனிந்து பார்த்து, எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று குறிக்கிறார். கிளைகளை அரைத்துத் தூளாக்கினால் கன அளவு நான்கில் ஒன்றாகும் என்று அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2005இல் வந்த கத்ரினா புயலில் 10 கோடி கன கெஜத்துக்கும் மேற்பட்ட இடிபாட்டை இப்படிச் சீட்டுச் சீட்டாக எண்ணினார்கள். அங்கும் சண்டை வராமலில்லை. சீட்டில்லாத லாரிக்கு அங்கும் காசில்லை. ஆனால் சீட்டுக் கொடுக்க ஒருவர் முதலிலிருந்தே நிற்கிறார்.

நம் ஊரில் இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஐப்பசிக்கு முன் ஊரிலுள்ள டிராக்டர்களை அளந்து பதிவு செய்யலாம். மூன்று படிச் சீட்டுப் புத்தகங்களை அச்சடித்து வைக்கலாம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, கையெழுத்திடும் அதிகாரத்தையும் முன்பே கொடுத்துவிடலாம். உத்தரவு வர ஏழு நாளாகும் என்றால், அந்த ஏழு நாளுக்கும் செல்லுபடியாகும் உத்தரவைப் புயலுக்கு முன்பே போட்டுவைக்க என்ன தடை?

சென்ற பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். 30 நாள் விதியைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, பரணிலிருந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். 17-11-2018, ஆஸ்பத்திரி ரோடு, புளியமரக் கிளை, முதல் நடை என்றிருந்தது.

“வேலை ஆரம்பிச்ச நாளுன்னு போட்டிருக்கே தம்பி, அது யாரு எழுதின தேதி?” என்று கேட்டாள்.