கோமுகியிலிருந்து வெள்ளிமலைக்கு

உளுந்தூர்ப்பேட்டையில் தொடங்கிய சேலம் நெடுஞ்சாலை, சென்ற இதழில் வாசகர்கள் கண்டபடி, தியாகதுர்க்கத்துக் குன்றுக் கோட்டையைக் காட்டிவிட்டு எங்களைக் கள்ளக்குறிச்சியில் கொண்டுவந்து சேர்த்தது. அங்கிருந்து வடமேற்கே பிரிகின்ற கச்சிராயபாளையம் சாலையில், தெருவிளக்குகள் அணையுமுன்பே சைக்கிள்களைத் திருப்பினோம். கூட வந்த நண்பர் வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கணக்கில் சமர்த்தர், எந்த மேட்டிலும் மூச்சு வாங்கியதை ஒப்புக்கொள்ளாத சுபாவமுடையவர்.

ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சமவெளிப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியது கரும்பு ஒன்றுதான். கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் முதலாவது மூங்கில்துறைப்பட்டிலும் இரண்டாவது கச்சிராயபாளையத்திலும் இருப்பதால், அரவைக் காலத்தில் கரும்பேற்றிய டிராக்டர்கள் இரவு பகலாக இச்சாலையை ஆக்கிரமித்துக்கொள்கின்றன. அவை உதிர்த்துச் செல்லும் சோகையும் துண்டுக் கரும்பும், விரலிரண்டு அகலமேயுள்ள டயரில் உருள்கிறவனுக்கு அற்ப விஷயமல்ல. பாரம் ஏற்றிய டிப்பரின் பின்னே சென்றால் காற்றின் எதிர்ப்புக் குறையும் என்று சைக்கிள் சாஸ்திரம் கூறும். ஆயினும் கரும்பு டிப்பரின் பின்னே செல்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கச்சிராயபாளையத்தைக் கடந்தபின், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் கிடக்கிறது கோமுகி அணை. 46 அடி ஆழத்துக்கு நீர் தேக்கும் இந்த அணை 1960-களில் கட்டப்பட்டது. கல்படை, பொட்டியம் முதலான காட்டாறுகள் மலையின் மடிப்புகளிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் இங்கே சற்றுத் தங்கி, வயல்களுக்குப் போனது போக மிஞ்சியது கள்ளக்குறிச்சியைத் தொட்டு, மணிமுத்தாற்றின் வழியாக வெள்ளாற்றை அடைந்து, பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. நாங்கள் காலையிலிருந்து மிதித்து வந்த சாலை, ஆறு இறங்கும் திசைக்கு எதிர்த்திசையிலேயே சென்றிருக்கிறது என்பது மோட்டாரில் வருகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை; எங்களுக்கோ அது தொடைகளின் வாயிலாக அறிவிக்கப்பட்டிருந்தது.

அணையைத் தாண்டி வனத்துக்குள் புகுந்ததும் ஏற்றம் தன் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கியது. இங்கே கியர் என்னும் சாதனத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். சாதாரணச் சைக்கிளில் மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று உருளும். சமதரையில் அது சௌகரியம், மலையில் அதுவே தண்டனை. மலையேற்றத்துக்கென்று பற்சக்கரம் மாற்றியமைத்த சைக்கிளில், மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றே உருளும்படி செய்துகொள்ளலாம். வேகம் நடையளவுக்குக் குறைந்தாலும் மனிதன் இறங்காமல் மேலே போய்க்கொண்டிருப்பான். பிரான்சு தேசத்தில் செந்த் எத்தியென் என்னும் ஊரில் வாழ்ந்த போல் தெ விவி என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் செய்துகாட்டி, மலைகளில் சஞ்சரித்து, ஓயாமல் எழுதியும் வந்தார். ஆனால் 1903-இல் 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தை ஆரம்பித்த ஆன்றி தெக்ரான்ஜ், கியர் மாற்றுவது பலவீனருக்குரிய உபாயமென்று கருதியதால், 1937 வரை அப்பந்தயத்தின் முன்னணி வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பற்சக்கரத்தைக் கொண்டே ஏற வேண்டியிருந்தது. பந்தய முதலாளி வேண்டுவது பார்ப்போரின் வியப்பு. பிரயாணி வேண்டுவது பாதையின் மறுமுனை. நான் விவியின் கட்சி.

வளைவுக்கு வளைவு உயர்ந்துகொண்டே போகும் அந்தச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவருகே நாங்கள் தண்ணீர் குடிக்க நின்றபோது, கீழே நாங்கள் கடந்துவந்த ஒரு பெரியவர், தலையில் மூட்டையுடன், சாலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு புதரின் ஊடாக எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். வளைவுகளையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓர் ஒற்றையடிப் பாதை செங்குத்தாக மேலே போகிறது என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

"எறங்கித் தள்ளிக்கிட்டு வரக் கூடாதா சாமி? யாரு ஒங்கள வெரட்டுறா?" என்றார் அவர்.

நண்பர் உடற்பயிற்சியின் அவசியத்தை விளக்க முற்பட்டார். பெரியவர் முழுதும் கேட்டுவிட்டு, "மூட்டையத் தூக்கிக்கிட்டா அதுவும் ஆச்சு, வேலையும் ஆச்சு" என்று சொல்லி, மீண்டும் பாதையில் ஏறி மறைந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பாதையின் வாய் எங்கே என்று என் கண் தேடியது. தார்ச்சாலை சக்கரத்தின் சௌகரியத்துக்காக மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. இந்த அடிப்பாதையோ காலும் தலைச்சுமையும் மட்டுமே வாகனமாயிருந்த காலத்தில் ஏற்பட்டது. அக்காலம் இங்கே வெகு சமீபத்தியது. கேரளத்தாரோடு சம்பந்தமில்லாத, 'மலையாளி' எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் இப்பிரதேசம், சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆதீனத்தில் இருந்தது. தேசம் சுதந்திரம் பெற்ற பின்னும் அந்த ஏற்பாடு நீடித்து, 1976-இல்தான் மலை முழுவதும் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்குள் வந்தது. சமவெளியில் சர்க்கரை ஆலைக்கு வண்டிகள் வரிசைகட்டி நின்ற நாட்களில், மேலே பிரசவ வேதனையிலிருந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சாலை எட்டாத குக்கிராமங்களில் அந்த டோலி இன்னும் ஓய்வு பெறவில்லை.

பெரியார் நீர்வீழ்ச்சி சாலையோரத்திலேயே விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும், மோட்டார் சைக்கிள்களும், காலிப் பாட்டில்களும் அதைச் சூழ்ந்திருந்தன; முகம் கழுவிக்கொண்டு புறப்பட்டோம்.

கரியாலூரை நெருங்கும்போது குளிர்ந்த காற்று எதிர்கொண்டது. மலை என்றால் ஒரே சிகரம் என்று நினைத்து வருகிறவருக்கு இங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது. 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை உயரமுள்ள கல்வராயன் மலையின் மேற்பரப்பு, மேடும் பள்ளமுமாக ஒரு தனி நாடாகவே விரிந்து கிடக்கிறது. சரிவுகளில் மரவள்ளி, பாறை தெரியும் மேட்டு நிலங்களில் சாமை அறுத்த தாள், வரப்போரங்களில் கடுக்காய் மரமும் புளியும். மரவள்ளிக்கிழங்கு மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கி, ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது. சைக்கிளுக்கு இந்த மேட்டு நிலம் மலையேற்றத்தைக் காட்டிலும் கடினமானது. ஒரு பள்ளத்தில் சம்பாதித்த வேகம் அடுத்த மேட்டின் பாதியிலேயே செலவாகிவிடுகிறது. நண்பர் இதை வட்டிக் கணக்காகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வெள்ளிமலையில், தாலுகாத் தலைநகருக்குரிய அலுவலகப் பலகைகளைக் கடந்து, ஒரு டீக்கடையில் அமர்ந்தோம். எதிரே ஒரு மினி வேனின் கூரைமேல், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு இலவசமாக அளிக்கும் சைக்கிள்கள் இரண்டு கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அவை ஒரே பற்சக்கரம் கொண்டவை. பள்ளிக்கு வரும்போது இறக்கத்தில் மிதிக்காமலே வந்துவிடுவதாகவும், திரும்பும்போது தள்ளிக்கொண்டோ வேனில் போட்டுக்கொண்டோ போவதாகவும் ஒரு மாணவி சொன்னாள். என் சைக்கிளின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்து, "இத்தனை சக்கரம் எதுக்கு சார்?" என்று கேட்டாள். ஏறுவதற்கு என்றேன். "அப்போ எங்களுக்குத்தானே அது வேணும்?" என்றாள். வங்கிக்காரர் முதல்முறையாகப் பதில் சொல்லவில்லை.

மலை மக்களுக்கு வேண்டியது என்ன என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபின், சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்த வழக்கை எடுத்துக்கொண்டது. சாலைகளும் அதில் ஒரு விஷயம். நாங்கள் வந்த பிரதான சாலை நல்ல நிலையிலேயே இருந்தது. ஆனால் அதிலிருந்து கிளை பிரிந்த பாதைகள் சிலவற்றில் சிறிது தூரம் உள்ளே சென்று பார்த்தபோது, தார் மெலிந்து, ஜல்லியாகி, பிறகு செம்மண்ணாயிற்று. சைக்கிள்காரர்கள் தமக்குள் சிலாகித்துப் பேசும் பாதையும், மலை மக்களுக்கு வேண்டியிருக்கும் பாதையும் வேறு வேறு என்பதே என் அபிப்பிராயம்.

இம்மலைக்கு வர விரும்பும் அன்பர்களுக்கு: முதல்முறை வருகிறவர் நாங்கள் வந்த கச்சிராயபாளையம் வழியையே கொள்வது உத்தமம், குடிநீரும் கடைகளும் உண்டு. சங்கராபுரத்திலிருந்து புதுப்பட்டு வழியாகச் சேராப்பட்டுக்கு ஏறும் வழியில் போக்குவரத்து குறைவு, தனிமை அதிகம். மாற்று ட்யூப் இரண்டும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் போகலாகாது. மூன்றாவது, மேற்கே கருமந்துறை வழியாகச் சேலம் ஜில்லாவுக்குள் இறங்குவது. நாங்கள் மறுநாளைக்கு அதைத்தான் தேர்ந்தோம். பிரேக் கட்டைகள் தேய்ந்திருப்பதை நண்பர் அன்று மாலையே கண்டுபிடித்தார். வெள்ளிமலையில் அவருடைய சைக்கிளுக்குப் பொருந்தும் கட்டை கிடைக்கவில்லை. அந்த இறக்கத்தின் கதை அடுத்த இதழில்.