சிரிக்கப் போன இடத்தில்

2013இல் பயிற்சியொன்றுக்காகப் பெரியநீலாவணையிலிருந்து கொழும்புக்குப் போயிருந்த நாங்கள் ஆறு பேரும், ஒரு மாலை ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ பார்க்கப் போனோம். ஷாருக்கான் நடித்த ஹிந்தி நகைச்சுவைப் படம். “சத்யராஜும் நடிக்கிறாராம். ஹிந்தி விளங்காட்டியும் சிரிக்கலாம்” என்று, யுத்தத்தில் கணவரை இழந்த அக்காதான் முதல் ஆளாய்ப் புறப்பட்டார்.

படத்தில் தமிழர்கள் அரிவாளோடு வந்தார்கள். அவர்கள் பேசுவது கதாநாயகனுக்கு விளங்காததே பாதி நகைச்சுவை. தமிழ்ப் பெண்ணாக வரும் தீபிகா படுகோனே ஹிந்தியை இழுத்து இழுத்துப் பேசும்போதெல்லாம் அரங்கு சிரித்தது. எங்கள் வரிசை பேசாமலிருந்தது. சோதனைச் சாவடிகளில் நாங்கள் தட்டுத்தடுமாறிப் பேசிய சிங்களத்துக்கும் இப்படித்தான் சிரித்தார்கள். (கச்சான் மட்டும் நல்லாயிருந்தது.)

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: “ஏன் புள்ள, அரிவாளைத் தவிர நம்மட ஆக்களப் பற்றி அவங்களுக்கு வேற ஒண்டும் தெரியாதா?”

சமூகவியல் படித்த எனக்குப் பதில் வரவில்லை. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். அவர் வாங்கவில்லை.