துளை போடுவது மீனுக்காக மட்டுமல்ல

கனடாவில் இருக்கும் ராத்தாவின் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி. முழுக்க உறைந்து கிடக்கிறது. அதன் மேல் நின்றுகொண்டு, நம்ம ஓடாவிமார் வைத்திருக்கிற மாதிரி ஒரு கோட்லெஸ் ட்ரில்லால் ஐஸில் துளை போடுகிறான். ட்ரில்லின் வாயில் இடுப்பளவு நீளமான திருகுக் கத்தி. அதற்கு ஓகர் என்று பெயர். அந்தத் துளைக்குள் தூண்டில் விட்டு மீன் பிடிப்பார்களாம்.

வீடியோவைப் பார்த்த ராத்தா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, ஐஸ் உடைஞ்சா புள்ளைக்கு என்ன ஆகும்?"

அதை அவனிடமே கேட்டேன். "மாமா, அதுக்கும் சேர்த்துத்தான் இந்த ட்ரில்" என்றான். அவன் சொன்னதையும் நான் தேடி வாசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தி. அதைவிடக் குளிர்ந்தால் மேலே வந்து, மேலிருந்துதான் உறையும். ஐஸ் மிதக்கும், அடியில் மீன்கள் உயிரோடு இருக்கும். வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த பாடம் இது. அங்கே மனிதர்கள் அதன் மேல் நடக்கிறார்கள்.

நடப்பதற்கு ஆகக் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. தெளிவான ஐஸ் வேண்டும். பனி கலந்த வெள்ளை ஐஸ் என்றால் பலம் ஏறத்தாழப் பாதிதான், ஆகவே இரண்டு மடங்கு தடிப்பு வேண்டும். ஒரே ஏரியில் இங்கே தடிப்பாகவும் பத்தடி தள்ளி மெல்லியதாகவும் இருக்கும். நீரோட்டம் உள்ள இடம் இன்னும் மோசம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளைத்து அளந்துதான் அறியலாம்.

முன்பு கையால் சுற்றும் ஓகர்தான். ஒரு அடி ஐஸில் நாலைந்து துளை போட்டால் தோள் கழன்றுவிடும். பிறகு பெற்றோல் இயந்திரம் வந்தது. பாரம், சத்தம், புகை. இப்போது 18 வோல்ட் ட்ரில் ஒன்று வீட்டில் இருந்தால், ஓகரை மட்டும் வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரு துளை.

ஆனால் அதற்கும் ஒழுங்கு இருக்கிறது. 6 அங்குல ஓகர் என்றால் ட்ரில்லுக்குச் சுமை குறைவு. வேகத்தை 1இல் வைக்க வேண்டும். ஓகர் ஐஸில் இறுகினால் ட்ரில் எதிர்ப்பக்கம் திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும்; அதனால் பக்கக் கைபிடி இல்லாமல் தொடக்கூடாது. ஓகர் கழன்றால் நேரே ஏரியின் அடிக்குத்தான் போகும். துளைக்குள் போகாதபடி மேலே ஒரு வட்டத்தட்டைப் பூட்டுவார்கள். லிதியம் பெட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். மற்றப் பெட்டரியைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணினால் பழுதாகிவிடும்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கையால் துளைக்கும் காலத்தில், களைப்பினால் "முன்னே போனவன் போயிட்டான்தானே" என்று அளக்காமல் நடந்துவிட மனம் வரும். இப்போது கரையில் ஒன்று, சில எட்டு வைத்து இன்னொன்று என்று அளந்துகொண்டே போகலாம். அளக்காமல் போவதற்குச் சாட்டு இல்லை. கருவி தந்த பெரிய உதவி நேரமல்ல, இதுதான்.

எவ்வளவு அளந்தாலும் முழுப் பாதுகாப்பான ஐஸ் என்று ஒன்று இல்லை. அதனால் தனியே போவதில்லை. மிதக்கும் உடுப்பு போடுவார்கள். விழுந்தால் ஐஸைக் குத்திப் பிடித்து ஏற, ஆணி வைத்த இரண்டு பிடிகளைக் கழுத்தில் தொங்கவிடுவார்கள்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று குளிர் நாடுகளில். "அங்கெல்லாம் போகாதே மகன்" என்றால் "சரிம்மா" என்றுவிட்டுப் போவார்கள். அதற்குப் பதிலாக, "எத்தனை அங்குலம் அளந்தாய்? கூட யார்?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்து கேட்கும் கேள்விக்குப் பிள்ளைகள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.