பென்னைக் கொன்றது பிணங்கள் அல்ல

1968 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு சின்னப் படம் வெளியானது. பெயர் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் கைக்காசு போட்டு, சுமார் 1,14,000 டாலரில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பைப் பயன்படுத்தினார்கள். இன்று நாம் பார்க்கும் ஜாம்பி படங்களுக்கெல்லாம் வழி போட்டது இதுதான். ஆனால் படத்துக்குள் 'ஜாம்பி' என்ற சொல்லே வராது.

கதை எளிது. செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவன் பென், கறுப்பினத்தவன். கதவுக்கும் சன்னலுக்கும் பலகை அடிப்பது அவன். திட்டம் போடுவது அவன். விடியும்போது உயிரோடு மிஞ்சுவதும் அவன் மட்டுமே. துப்பாக்கியோடு போலீசும் ஊர்க்காரர்களும் கும்பலாக வருகிறார்கள், எல்லாரும் வெள்ளையர். சன்னலில் தெரிந்த பென்னை ஒரு வார்த்தை கேட்காமல் நெற்றியில் சுடுகிறார்கள். கொக்கியில் மாட்டி இழுத்து, மற்ற பிணங்களோடு சேர்த்து எரிக்கிறார்கள்.

அன்று இந்தப் படத்தைப் பற்றி எழுந்த சத்தம் பெரும்பாலும் ரத்தமும் சதையும் பற்றியது. வயதுவாரியான தணிக்கை முறை அமெரிக்காவில் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. பகல் காட்சிக்கு வந்த குழந்தைகள் அரங்கில் உறைந்துபோய் அழுததை ரோஜர் ஈபர்ட் எழுதினார். 'வெரைட்டி' கடுமையாகத் திட்டியது. அதே படம் 1999-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

எங்கள் படிப்பகத்தில் இதைத் திரையிட்ட மாலையில் ஒரு மாணவர் கேட்டார்: "டைரக்டரே நிறத்தை மனசில வெச்சு எடுக்கலன்னு சொல்றாரே, நாம ஏன் அதைப் பார்க்கணும்?" நியாயமான கேள்வி. பென் பாத்திரம் கறுப்பருக்காக எழுதப்பட்டதல்ல. தேர்வுக்கு வந்தவர்களில் சிறப்பாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ், அதனால் எடுத்தோம் என்றே ரொமேரோ கடைசிவரை சொன்னார்.

ஆனால் ஜோன்ஸுக்கு அந்த வசதி இல்லை. முரட்டு லாரி ஓட்டுநராக எழுதப்பட்டிருந்த பென்னின் பேச்சை, படித்த மனிதரான அவர்தான் மாற்றினார். வெள்ளைப் பெண்ணை அறையும் காட்சியில் தயங்கினார். திரைக்கு வெளியே அதற்கு என்ன அர்த்தம் வரும் என்பது அவருக்குத் தெரியும். இயக்குநர் நிறத்தை மறக்கலாம், நடிகரால் முடியாது. 'தகுதி பார்த்துத்தான் எடுத்தோம்' என்ற சொல்லை நாமும் நிறையக் கேட்டிருக்கிறோம். தகுதியால் உள்ளே வந்தவரைக் கூட வெளியே நிற்கும் கும்பல் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் அந்தக் கடைசிக் காட்சி.

படப்பெட்டியோடு நியூயார்க் போகும் வழியில், 1968 ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை ரொமேரோ வானொலியில் கேட்டார். அதற்குப் பிறகு அந்த முடிவு வெறும் பேய்க்கதையின் முடிவாக இருக்க முடியாது. படம் முடியும்போது வரும் அசையாப் படங்களைப் பாருங்கள். தென் மாநிலங்களில் கறுப்பரைக் கொன்று, பக்கத்தில் நின்று படம் பிடித்து, அஞ்சலட்டையாக விற்ற வெள்ளையரின் நினைவு தானாக வரும். முடிவை மாற்றினால் வாங்குகிறோம் என்று ஒரு விநியோக நிறுவனம் கேட்டும் ரொமேரோ மறுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

'எல்லாத்துலயும் சாதியைப் பார்க்காதீங்க' என்று ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மிடம் சொல்கிறார்கள். எடுத்தவர் நினைத்தது மட்டும் படம் ஆகாது தோழர்களே. அடிபட்டவர் திரையில் எதை அடையாளம் காண்கிறாரோ, அதுவும் படம்தான்.

வெளியீட்டின்போது தலைப்பை மாற்றியதில் காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனது. அதனால் இந்தப் படம் யாருக்கும் சொந்தமில்லை, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. விடுதியில் பத்துப் பேர் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: சன்னலில் நின்றவன் வெள்ளையனாக இருந்திருந்தால், அவர்கள் முதலில் குரல் கொடுத்திருப்பார்களா?