கழற்றப்போகும் நாள்

என் மகள் வயிற்றுப் பேரன் போன வருடம் சித்திரையில் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "அப்புச்சி, கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி ஓட்டப் போறேன். இந்த லிஸ்ட்ட நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் பணம் தருவேன்னு அம்மா சொல்லிருச்சு."

கோவையில் ஒரு நூற்பாலையின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். அதற்காகத் தண்ணீரைக் குளிரவைத்து, பம்பில் ஏற்றி, காற்றில் தெளித்து, மறுபடி தொட்டிக்கே கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் வேலை. கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாத விஷயம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். பம்ப், தொட்டி, ரேடியேட்டர், குழாய், ஃபிட்டிங். எல்லாம் என் கை பழகிய சாமான்கள். அளவு மட்டும் சிறுத்திருந்தது.

முதல் வரியில் வண்ண விளக்கு எரியும் அக்ரிலிக் தொட்டி. அடுத்தது பால்போல வெளுத்த ஒரு திரவம். பிறகு சூடுகாட்டி வளைக்கும் கெட்டிக் குழாய். பம்ப் கடைசி வரியில் இருந்தது, இருப்பதிலேயே விலை குறைந்ததாக. ஃபிட்டிங் என்று எழுதியிருந்தான், எத்தனை என்று எழுதவில்லை.

"சாமி, இத எப்படிக் கழட்டுவ?" என்று கேட்டேன்.

"இன்னும் மாட்டவே இல்லையே அப்புச்சி" என்றான்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது 1979இல் ஒரு ராத்திரி. ஆலையில் புதிதாக ஒரு குளிர்நீர் லைன் போட்டிருந்தார்கள். அழகான லைன், வளைவெல்லாம் வெள்ளை பெயின்ட். மூன்றாம் மாதம் ஒரு ஃபிளாஞ்சில் கேஸ்கெட் போனது. மாற்ற வேண்டியது ஒரு ரப்பர் வளையம், அரை மணி நேர வேலை. ஆனால் லைனில் நிற்கும் தண்ணீரை வெளியேற்ற எங்குமே ஒரு வால்வு இல்லை. ஃபிளாஞ்சைத் தளர்த்தித்தான் வடிக்க வேண்டியிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பக்கத்து மோட்டாருக்குச் சாக்கைப் போர்த்தி, விடியும்வரை வாளியில் அள்ளினோம். மறுநாள் எங்கள் மேஸ்திரி அந்த லைனின் பள்ளமான இடத்தில் ஓர் அங்குல கேட் வால்வு ஒன்றை வைக்கச் சொன்னார். போடும்போதே வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அன்றுமுதல் எந்தச் சாமானை வாங்கினாலும் அதைக் கழற்றப்போகும் நாளை ஒருதரம் மனதில் ஓட்டிப் பார்த்துவிடுவேன். பேரனின் தாளையும் அப்படித்தான் வாசித்தேன்.

முதலில், இது தேவையா என்று கேட்டேன். பிராசசர் ஒன்றுக்கு மட்டும் என்றால் வேண்டாம், நல்ல காற்றுக் கூலர் ஒன்றே போதும் என்பதுதான் என் எண்ணம். அவன் வீடியோ எடிட்டிங் வேலை எடுத்துச் செய்கிறான். கிராஃபிக்ஸ் கார்டு 300 வாட், பிராசசர் 150 வாட், இரண்டும் ராத்திரி முழுக்க ஓடுகின்றன. அதே அறையில் அவன் தம்பி படுத்துத் தூங்குகிறான். விசிறி இரைச்சல்தான் பேரனுடைய உண்மையான கஷ்டம். அதைக் கேட்டபிறகு சரி என்றேன். கூடவே ஒன்றையும் சொல்லிவைத்தேன். தண்ணீர் சூட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கும், அவ்வளவுதான். அந்த 450 வாட்டும் அதே அறைக்குள்தான் வந்து விழும். அறை 34 டிகிரி என்றால், எத்தனை விசிறி வைத்தாலும் தண்ணீர் 34க்குக் கீழே இறங்காது. பத்து டிகிரி கூடுதலில் நின்றால் நல்ல சுற்று.

அடுத்தது உலோகம். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றுவதற்கு பிளாக் என்று பெயர். அவன் தேர்ந்தெடுத்திருந்த பிளாக் செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் உள்ளே சின்ன மின்கலம் ஒன்று உருவாகிவிடும். அலுமினியம் அரித்துக் கரையும், வெள்ளைப் பொடி மிதக்கும், கடைசியில் துளை விழும். கடையில் மூடி சீல்வைத்து வரும் ரெடிமேட் கூலர்கள் பலவற்றில் அந்த ஜோடிதானே இருக்கிறது என்று கேட்டான். நல்ல கேள்வி. அவை அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்து ஆலையிலேயே நிரப்பப்பட்டவை, யாரும் திறப்பதில்லை. நாம் திறக்கப்போகிறவர்கள். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு என்று ஒரே உறவுக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. வாங்குமுன் ஒவ்வொன்றும் எந்த உலோகம் என்று கேள், விலையைப் பிறகு கேள் என்றேன்.

பம்பை மேலே கொண்டுவரச் சொன்னேன். சுற்றில் அசைந்து உழைப்பது அதுவும் விசிறியும்தான். விசிறி நின்றால் சூடு மெல்ல ஏறும், பம்ப் நின்றால் சில நிமிடங்களில் எல்லாம் நிற்கும். டி5 என்றொரு பம்ப் இந்தத் துறையில் ரொம்ப வருடமாக நிலைத்து நிற்கிறது. லேயிங் என்ற ஜெர்மன் குடும்பத்தின் வடிவமைப்பு அது. அவர்களுடைய பம்புகள் வீட்டுச் சுடுநீர்க் குழாய்களுக்காகப் பிறந்தவை. அதன் சுழலி அரைக்கோள வடிவத்தில் ஒரேயொரு பீங்கான் உருண்டையின் மேல் உட்கார்ந்து சுற்றும். ஷாஃப்ட் சீல் கிடையாது. பேரன் அதன் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீல் இல்லாத பம்பை எங்கள் காலத்தில் யாராவது காட்டியிருந்தால் கும்பிட்டிருப்போம். ஆனால் அந்த உருண்டைக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வறண்டு ஓடினால் தேய்ந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சக்‌ஷன் வால்வு மூடியிருப்பதைப் பார்க்காமல் ஸ்டார்ட்டரை அமுக்கி ஒரு பம்பின் சீலை நான் பொசுக்கியிருக்கிறேன். அந்தக் கருகல் வாடையை இன்னும் மறக்கவில்லை. அதனால் தொட்டி பம்புக்கு மேலே இருக்கட்டும், தண்ணீர் தானாக இறங்கி பம்பை நிறைக்கட்டும். தொட்டியும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்து வரும் வகையை வாங்கினால் முதல்முறை கட்டுகிறவருக்கு இந்தக் கவலை தீரும்.

ரேடியேட்டருக்கு, 120 மி.மீ. விசிறி ஒன்றுக்குச் சுமார் 100 வாட் என்று கணக்கு வைக்கிறார்கள். 450 வாட்டுக்கு ஐந்து விசிறி இடம். ஆகவே 360 ஒன்று, 240 ஒன்று. நம் ஊர் வெயிலுக்கு இடம் கூடுதலாக இருந்தால் விசிறியை மெதுவாகச் சுற்றவிடலாம். அவனுக்கு வேண்டிய அமைதி அங்கேதான் கிடைக்கும். வாங்குமுன் ஒரு வேலை செய்யச் சொன்னேன். ரேடியேட்டர் 30 மி.மீ., விசிறி 25 மி.மீ., சேர்த்து 55 மி.மீ. கனம். 360 என்று பெயரே தவிர நீளம் கிட்டத்தட்ட 400 மி.மீ. அந்த அளவில் தெர்மாகோலை வெட்டி கேபினெட்டுக்குள் வைத்துப் பார்த்தோம். மேல்பக்கம் ராம் குச்சிகளின் தலையில் இடித்தது. முன்பக்கம் மாற்றினோம், உட்கார்ந்தது. பத்து ரூபாய் தெர்மாகோல், ஆயிரக்கணக்கில் போட்டு வாங்கியதைத் திருப்பி அனுப்பும் தலைவலி இல்லை.

எதற்குப் பிறகு எது, பிராசசர் முதலிலா கார்டு முதலிலா என்று இரண்டு நாள் குழம்பிக்கொண்டிருந்தான். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 210 வாட் வேண்டும். 450 வாட் முழுதும் ஏறினாலும் சுற்றின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். ஆகவே வரிசை எதுவானாலும் சரி, குழாய் எங்கே குறுகலாக மடியாமல் போகுமோ அந்த வழியே போகட்டும்.

கிராஃபிக்ஸ் கார்டின் பிளாக் இருக்கிறதே, அது தச்சன் ஒரு கதவுக்கென்று அடித்த நிலை மாதிரி. ஒரே சிப் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி போர்டு வேறு, திருகுத் துளை வேறு. கார்டின் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, போர்டின் மாடல் எண்ணைப் பொருத்திப் பார்க்க வேண்டும். நாளைக்குக் கார்டை மாற்றினால் இந்த பிளாக் கூட வராது என்பதையும் சொல்லிவைத்தேன். பம்பும் ரேடியேட்டரும் வரும். கார்டைத் திறந்தால் வாரன்டி நிற்குமா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டபிறகுதான் திருகைத் தொட்டான்.

குழாயில்தான் அவன் மனம் வருந்தினான். கெட்டிக் குழாய் அழகு, ஒத்துக்கொள்கிறேன். முதல்முறைக்கு ரப்பர் குழாய் போதும் என்றேன். இபிடிஎம் என்ற கறுப்பு ரப்பர், கார் ரேடியேட்டர் ஹோஸிலும் அதே சரக்குதான். தெளிந்த பிளாஸ்டிக் குழாய்கள் பலவற்றில் நாளாக நாளாக மென்மையூட்டி கசிந்து தண்ணீரில் கலந்து பிளாக்கில் படியும், ரப்பரில் அது இல்லை. கத்தியால் நேராக வெட்டினால் போதும், தப்பாக வெட்டினால் இன்னொரு துண்டு. உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 என்று குழாய் வாங்கினால் ஃபிட்டிங்கும் அதே 10/16 ஆக இருக்க வேண்டும். 10/13 ஃபிட்டிங்கின் வளையம் அதன்மேல் ஏறாது. பிறகு எண்ணினோம். இரண்டு பிளாக்குக்கு நான்கு, இரண்டு ரேடியேட்டருக்கு நான்கு, பம்பும் தொட்டியும் சேர்ந்ததற்கு இரண்டு. பத்து. திரும்பும் இடங்களுக்கு இரண்டு வளைவு. எல்லாவற்றுக்கும் கீழே, பள்ளமான இடத்தில், ஒரு டி பிரிவும் சின்ன பால் வால்வும். அவன் மதிப்பில் ஃபிட்டிங்குக்கு ஒதுக்கிய தொகை மூன்று மடங்கானது. வண்ண விளக்குத் தொட்டியை அவனே அடித்துவிட்டான். நான் சொல்லவில்லை.

பால் நிறத் திரவத்தையும் விட்டான். அந்த வெண்மை தண்ணீரில் மிதக்கும் நுண்துகள். பிளாக்கின் உள்ளே அரை மில்லிமீட்டரைவிடக் குறுகலான வாய்க்கால்கள் வரிசையாக ஓடுகின்றன. துகள் அங்கேதான் போய் அடையும். டிஸ்டில்டு வாட்டரும் பாசி பிடிக்காமலிருக்க அளவான மருந்தும் போதும். தெளிந்த தண்ணீர் என்றால் உள்ளே கெடுதல் நடந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

சாமான் வந்த அன்று நான் என் பழைய டப்பாவிலிருந்து டெஃப்லான் டேப்பை எடுத்தேன். "வேண்டாம் அப்புச்சி, இது ஜி கால் இஞ்ச்" என்று கையைப் பிடித்தான். அவன் சொன்னது சரி. கூம்பு மரையில் மரையே அடைக்கும், அதற்குத்தான் டேப். இது நேர் மரை, ஓ-ரிங்தான் அடைக்கும். டேப் சுற்றினால் ஓ-ரிங் சரியாக உட்காராது. அதிகம் முறுக்கினால் அக்ரிலிக் விண்டுபோகும், கைமுறுக்கு போதும். 34 வருடம் டேப் சுற்றிய கை ஒரு கணம் தயங்கியது, பிறகு டப்பாவை மூடினேன். பிள்ளை படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அன்றைக்கு எனக்கு நிறைவாக இருந்தது.

புது ரேடியேட்டரில் பற்றவைத்தபோது பூசிய ஃபிளக்ஸ் மிச்சம் இருக்கும். ஆகவே முதலில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினோம். ஐந்தாவது தடவைதான் தெளிந்தது. பிறகு பொருத்தி நிரப்பினோம். மதர்போர்டுக்குக் கரன்ட் கொடுக்கவே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முனை கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டோம். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்க்க, குழாயிலிருந்த காற்று களக் களக்கென்று தொட்டிக்கு வந்தது. 24 மணி நேரம் அப்படியே விட்டோம். நடுராத்திரியில் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டுக்குக் கீழே இருந்த தாளில் நாலணா அகலத்துக்கு ஒரு ஈரம். காலையில் அந்த ஃபிட்டிங்கைக் கழற்றினால் ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி. துடைத்துப் போட்டு, கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம். அவனுக்கு அவசரம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இன்னொரு நாள் காத்திருந்தான்.

இந்தச் சித்திரையில் வருட சர்வீஸ். வாளியை வைத்துவிட்டு அவனைத்தான் வால்வைத் திறக்கச் சொன்னேன். சன்னமான ஒரு கம்பிபோலத் தண்ணீர் இறங்கியது, தெளிவாக. பிராசசர் பிளாக்கைத் திறந்து டார்ச் அடித்தோம். வாய்க்கால்கள் எல்லாம் திறந்திருந்தன, ஒரு மூலையில் மட்டும் ஃபிளக்ஸ் துணுக்கு ஒன்று பச்சையாக ஒட்டியிருந்தது. பல் துலக்கும் பிரஷால் அதைத் தேய்த்துக்கொண்டே, "அடுத்த தடவ கெட்டிக் குழாய் போட்டுக்கட்டுமா அப்புச்சி?" என்றான்.

"டிரெயின் வால்வ எங்க வைப்ப?" என்றேன்.

தாளை எடுத்து வரையத் தொடங்கினான்.